இரண்டு குரங்குத் தீவுகள், ஒரு புதையல்

'மங்கி ஐலண்ட்' என்று சொன்னால் போதும், பழைய கணினி விளையாட்டுப் பிரியர்களின் முகம் மலர்ந்துவிடும். கடற்கொள்ளையனாக ஆசைப்படும் அப்பாவிப் பையன், செத்த பிறகும் தொல்லை விடாத பேய்க் கொள்ளையன், நடுவில் கப்பி வைத்த ரப்பர் கோழி, வாளை விட நாக்கால் அதிகம் வெட்டிக்கொள்ளும் சண்டை என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். 1990-ல் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' விளையாட்டுதான் அது. ரான் கில்பர்ட்டின் கற்பனை. கூடவே டிம் ஷாஃபர், டேவ் கிராஸ்மன். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அதற்கு ரசிகர்கள் குறையவில்லை. குறையவும் வேண்டியதில்லை, நல்ல விளையாட்டுதான்.

அதே பெயரில் நிஜமாகவே ஒரு தீவு இருக்கிறது என்றால் அவர்களில் பெரும்பாலானோர் "அப்படியா!" என்பார்கள். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், கேமரன் பாரிஷ் (மற்ற மாநிலங்களில் கவுண்டி என்பதை அங்கே பாரிஷ் என்கிறார்கள், ஏறக்குறைய மாவட்டம்). கால்கஷூ நதி மெக்சிகோ வளைகுடாவில் விழும் இடத்தில் கேமரன் என்று ஒரு சிற்றூர். அந்த ஊருக்கு எதிரே, ஒரு பக்கம் கப்பல் கால்வாய், மறுபக்கம் ஆற்றின் பழைய வளைவு, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடக்கிறது மங்கி ஐலண்ட். புல்லும் சேறும் உப்புத் தண்ணீரும். பாலம் கிடையாது. மரப்பெட்டி நிறைய தங்கக் காசும் கிடையாது.

இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது கற்பனைத் தீவுதான். அதன் வரைபடம், கதாபாத்திரங்கள், இசை, மறுபதிப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் நிஜத் தீவு தலைகாட்டும். "அதனால் என்ன, எது பிரபலமோ அதுதானே முன்னால் வரும்?" என்று கேட்கலாம். நியாயம்தான். பெயரை யார் வைத்துக்கொண்டால் என்ன! பிரச்சினை பெயரில் இல்லை, பார்வையில் இருக்கிறது. கற்பனைத் தீவைப் பார்க்கப் பழகிய அதே கண்ணோடுதான் நிஜத் தீவையும் அதைச் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தையும் நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாகப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வையில் தீவு என்பது புதையல் இருக்கிற இடம். புதையல் எங்கே இருக்கிறது? மண்ணுக்கு அடியில். அப்படியானால் மண்? அது தோண்டி அந்தப் பக்கம் எறிய வேண்டிய தொந்தரவு. அவ்வளவுதான்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது?

1881-ல் ஸ்காட்லாந்தின் பிரேமர் என்ற ஊரில், மழையில் வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தன் மனைவியின் மகனோடு சேர்ந்து ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தப் படத்திலிருந்துதான் 'டிரெஷர் ஐலண்ட்' பிறந்தது. 1883-ல் புத்தகமாக வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, முதலில் வந்தது கதை அல்ல, வரைபடம். தீவில் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதற்கு முன்பே புதையலின் இடம் முடிவாகிவிட்டது! அன்றைக்கு ஆரம்பித்தது, பெருக்கல் குறி போட்ட தீவுப் படம் இல்லாமல் கடற்கொள்ளைக் கதையே இல்லை என்றாகிவிட்டது.

நிஜக் கடற்கொள்ளையர்கள் புதையலைப் புதைத்து வைத்தவர்கள் இல்லை. கிடைத்ததை அடுத்த துறைமுகத்திலேயே பங்கு போட்டுக் குடித்துத் தீர்த்தவர்கள். புதைத்ததாக உறுதியாகத் தெரிந்த பெரிய பெயர் கேப்டன் கிட் ஒருவர்தான். 1699-ல் நியூயார்க் அருகே கார்டினர்ஸ் தீவில் அவர் புதைத்தது சீக்கிரமே தோண்டி எடுக்கப்பட்டுவிட்டது. கொள்ளையர்களின் பிழைப்பு கடலில். கதைக்காரர்கள்தான் அவர்களைத் தீவில் இறக்கி மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

மங்கி ஐலண்ட் விளையாட்டு இந்த மரபைக் கிண்டல் செய்கிற விளையாட்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் வரும் நரமாமிசம் தின்பவர்கள்கூட உடம்புக்கு ஆகாது என்று பழங்களுக்கு மாறியவர்கள்! டிஸ்னிலாந்தில் இருக்கும் கடற்கொள்ளையர் படகுச் சவாரியிலிருந்துதான் யோசனை வந்தது என்று கில்பர்ட்டே சொல்லியிருக்கிறார். அதாவது கதையின் வேர் கடலில் இல்லை, பொழுதுபோக்குப் பூங்காவில். 2022-ல் வந்த 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' பகுதியில், முப்பத்திரண்டு வருடம் காத்திருந்த ரசிகர்களுக்கு ஒருவழியாக அந்த 'ரகசியம்' காட்டப்பட்டது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு டீ-ஷர்ட். இதைவிட நேர்மையான முடிவு எந்தப் புதையல் கதைக்கும் கிடையாது. ஆனால் அந்தக் கிண்டலும் ஒரு எல்லையோடு நின்றுவிடுகிறது. தீவு அதிலும் மேடைதான். திரை விழுந்தால் தீவு இல்லை. பெட்டி திறந்த பிறகு அந்தத் தீவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நிஜ மங்கி ஐலண்டின் கதை பெட்டி திறந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன்னால் நிஜக் கொள்ளையன் ஒருவனையும் பார்த்துவிடலாம். கேமரனுக்கு வடக்கே, அதே கால்கஷூ நதிக்கரையில், லேக் சார்ல்ஸ் என்று ஒரு நகரம். அங்கே 'கான்ட்ராபேண்ட் பேயூ' என்று ஒரு நீரோடை. கான்ட்ராபேண்ட் என்றால் கடத்தல் சரக்கு. ஜான் லஃபீட் என்ற கொள்ளையன் இந்த ஓடைக்கரையில் புதையலைப் புதைத்து வைத்ததாக ஊர்க்கதை. அந்தக் கதையை வைத்து நகரம் பல பத்தாண்டுகளாக ஒரு விழாவே கொண்டாடியிருக்கிறது. கொள்ளையர் வேஷம் போட்டவர்கள் படகில் வந்து இறங்கி, நகர மேயரைப் பலகையில் நடக்க வைத்துத் தண்ணீரில் தள்ளுவார்கள். குழந்தைகளுக்கு ஒரே கும்மாளம்.

அந்தக் கடத்தல் சரக்கு என்ன என்று விழாவில் சொல்வார்களா?

அமெரிக்காவுக்குள் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்குமதி செய்வது 1808 ஜனவரி 1 முதல் சட்டப்படி தடை. லஃபீட் 1817-லிருந்து 1821 வரை டெக்சஸ் கரையோரத்தில் கால்வெஸ்டன் தீவில் கூடாரம் அடித்திருந்தான். ஸ்பானியக் கப்பல்களைப் பிடித்து, அதில் இருந்த ஆப்பிரிக்கர்களை லூயிசியானாவுக்குள் கடத்துகிறவர்களுக்கு விற்றான். வாங்கியவர்களில் ஜிம் போவி சகோதரர்களும் உண்டு. ஆமாம், பின்னாளில் அலமோ கோட்டையில் செத்து அமெரிக்க வீர நாயகனான அதே போவிதான். எடை போட்டு, பவுண்டுக்கு ஒரு டாலர் கணக்கில் மனிதர்களை வாங்கினார்கள். வாங்கியவர்களைத் தாங்களே சுங்க அதிகாரியிடம் பிடித்துக் கொடுத்தார்கள். அரசாங்கம் ஏலம் விட்டது. தாங்களே ஏலத்தில் எடுத்தார்கள். தகவல் சொன்னவருக்கு ஏலத்தொகையில் பாதி என்று சட்டம். ஆக, பாதிப் பணம் திரும்பி வந்தது. கையில் சட்டபூர்வமான அடிமை! இப்படி மூன்று சகோதரர்களும் சேர்ந்து சம்பாதித்தது 65,000 டாலர் என்று அவர்களில் ஒருவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதுதான் நிஜக் கடற்கொள்ளை. பெட்டியில் தங்கக் காசு இல்லை, கப்பலின் அடித்தட்டில் மனிதர்கள் இருந்தார்கள். அந்த மனிதர்கள் கதையிலிருந்து கழற்றிவிடப்பட்டார்கள். மிஞ்சியது தொப்பி, ஒற்றைக்கண் துணி, மேயர் குளியல். "அட, கதைதானே" என்று சொல்லும்போதெல்லாம் யாரோ ஒருவர் கதையிலிருந்து கழன்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது சேற்றுக்கு வரலாம். இதையும் "சேறுதானே" என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள்.

லூயிசியானாவின் தென்மேற்குக் கரையைச் 'செனியர் சமவெளி' என்பார்கள். பிரெஞ்சில் 'ஷேன்' என்றால் ஓக் மரம். அந்தக் கரை உருவான விதமே ஒரு அதிசயம். மிசிசிப்பி நதி ஆயிரக்கணக்கான வருடங்களில் பலமுறை தன் வாயை மாற்றிக்கொண்டது. வாய் மேற்கே இருந்த காலத்தில் அதன் வண்டல் கடலோர நீரோட்டத்தில் மிதந்து வந்து இந்தக் கரையில் சேறாகப் படிந்தது. வாய் கிழக்கே போன காலத்தில் வண்டல் வரத்து குறைந்தது. அலைகள் கரையை அரித்து மணலையும் கிளிஞ்சலையும் மேடாகக் குவித்தன. மறுபடி சேறு, மறுபடி மேடு. இப்படி வரிசை வரிசையாக மேடுகளும் நடுநடுவே சதுப்பும். மேட்டில் ஓக் மரங்கள். ஊர்களும் சாலைகளும் அந்த ஒல்லியான மேடுகளின் மேல்தான். வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் தாண்டி வரும் சின்னஞ்சிறு பறவைகள் களைத்துப்போய் முதலில் இறங்குவதும் இந்த ஓக் மரங்களில்தான்.

சதுப்பு என்ன செய்கிறது? இறாலைக் கேட்டால் சொல்லும். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு மிதந்து சதுப்புக்குள் வந்து, புல்லின் வேர்களுக்கு நடுவே ஒளிந்து தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். நண்டுக்கும் பல மீன்களுக்கும் இதே கதைதான். பிடித்த மீனின் எடையை வைத்துப் பார்த்தால் ஒரு காலத்தில் கேமரன் அமெரிக்காவின் முன்னணி மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது. அதற்கு மூலதனம் போட்டது எந்த வங்கியும் இல்லை. அந்தச் சேறுதான்.

இன்னொரு வேலையும் சேறு செய்கிறது. புயல் வரும்போது கடல் அலையின் வேகத்தைப் புல் பிடித்து இழுத்துக் குறைக்கிறது. சம்பளம் வாங்காத காவல்காரன்!

இதை அரசாங்கம் எப்படிப் பார்த்தது? 1849-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சதுப்பு நிலச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, மத்திய அரசிடம் இருந்த சதுப்புகளை லூயிசியானாவுக்குத் தூக்கிக் கொடுத்தது. எதற்கு? கரை கட்டி, தண்ணீரை வடித்து, 'பயனுள்ள' நிலமாக மாற்றுவதற்கு. அதாவது உள்ளபடியே இருந்தால் அது வீண் நிலம். இந்த ஒரு வார்த்தை எழுதப்பட்ட நாளில்தான் சதுப்பின் தலையெழுத்தும் எழுதப்பட்டது. வீணான ஒன்றைக் கெடுத்தால் யார் கேட்பது?

அடுத்து எண்ணெய் வந்தது. வரைபடத்தில் நிஜமாகவே குறிகள் போடப்பட்டன, எண்ணெய்க் கிணறுகளுக்கு. சேற்றில் லாரி போகாது. ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கால்வாய் வெட்டினார்கள். குழாய் போடவும் கால்வாய். லூயிசியானா கடலோரத்தில் இப்படி வெட்டப்பட்ட கால்வாய்களின் மொத்த நீளம் சுமார் 16,000 கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வெட்டிய சேற்றைக் கால்வாயின் இரண்டு பக்கமும் வரப்பாகக் கொட்டினார்கள். வரப்பு தண்ணீரைத் தடுத்தது. ஒரு பக்கம் புல் மூழ்கி அழுகியது, இன்னொரு பக்கம் காய்ந்தது. கால்வாய் வழியே கடலின் உப்புநீர் உள்ளே வந்தது. நன்னீர்ப் புல் உப்பில் செத்தது. புல் செத்தால் வேர் விடும். வேர் விட்டால் சேறு கரையும். சேறு கரைந்தால் அங்கே மிஞ்சுவது திறந்த தண்ணீர். சூத்திரம் அவ்வளவுதான்.

மங்கி ஐலண்டை ஒட்டி ஓடும் கால்கஷூ கப்பல் கால்வாயும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தது. லேக் சார்ல்ஸ் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் போக வேண்டும். ஆற்றின் வாயில் இயற்கையாக ஒரு மணல் திட்டு இருந்தது. அதுதான் கடலுக்கும் உள்ளே இருந்த நன்னீர்ச் சதுப்புக்கும் நடுவே கதவு. 1941-ல் ஆழக் கப்பல்களுக்கு வழி திறந்தார்கள். 1960-களில் அது 40 அடி ஆழத்துக்குத் தோண்டப்பட்டது. கப்பல் போகிற வழியில் உப்பும் போனது. கதவைக் கழற்றியவர்கள் வீட்டுக்குள் மழை வருகிறது என்று ஆச்சரியப்படக் கூடாது.

இவற்றோடு மிசிசிப்பிக்குப் போட்ட கரைகளைச் சேர்க்க வேண்டும் (1927 வெள்ளத்துக்குப் பிறகு வண்டல் எல்லாம் ஆழ்கடலில் போய் விழுகிறது), நிலம் தானே அமுங்குவதைச் சேர்க்க வேண்டும், கடல்மட்டம் உயர்வதையும் சேர்க்க வேண்டும். நியூட்ரியா என்ற பெரிய எலியையும் விட்டுவிடக் கூடாது. தோலுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து 1930-களில் கொண்டுவந்தார்கள். அது சதுப்புப் புல்லை வேரோடு தின்கிறது. இப்போது அதைக் கொன்று வாலைக் கொண்டுவந்தால் வாலுக்கு 6 டாலர் என்று மாநிலம் பணம் தருகிறது. முதலில் புதையல் என்று கொண்டுவந்தது, பிறகு காசு கொடுத்து ஒழிப்பது. இந்தக் கடலோரத்தின் வரலாறே ஒரு எலியின் வாலில் அடங்கிவிடுகிறது.

மொத்தக் கணக்கு? அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் கணக்குப்படி 1932-க்கும் 2016-க்கும் இடையில் லூயிசியானா கடலோரம் இழந்த நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். 1932-ல் இருந்த கடலோர நிலத்தில் கால் பங்கு. கோவா மாநிலத்தின் பரப்பே 3,700 சதுர கிலோமீட்டர்தான் என்று வைத்துப் பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்பது உறைக்கும். ஒரு முழுக் கோவாவையும் மேலே இன்னொரு கால் கோவாவையும் கடல் தின்றுவிட்டது. டீ-ஷர்ட் கூடத் தரவில்லை.

காவல்காரனை வேலையிலிருந்து நீக்கிய பிறகு வந்த புயல்களின் பட்டியல் கேமரன்காரர்களுக்கு மனப்பாடம். அவன் இன்னும் ஓரளவு பணியில் இருந்தபோதே, 1957 ஜூன் 27-ல் ஆட்ரி என்ற புயல் வந்து 400 பேருக்கு மேல் கொன்றது. முன்னெச்சரிக்கை போதாமல் ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம். 2005 செப்டம்பரில் ரீட்டா. கேமரன் ஊரில் ஏறக்குறைய எல்லாமே தரைமட்டம். நீதிமன்றக் கட்டடம் மட்டும் நின்றது. 2008-ல் ஐக். 2020 ஆகஸ்ட் 27-ல் லாரா, மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில், கேமரன் மேலேயே கரையேறியது. ஆறே வாரத்தில் டெல்டா என்று இன்னொன்று.

மக்கள்தொகையைப் பார்த்தால் மிச்சம் புரியும். கேமரன் பாரிஷில் 2000-ல் 9,991 பேர். 2010-ல் 6,839. 2020-ல் 5,617. இருபது வருடத்தில் நூற்றுக்கு 44 பேர் இல்லை. செத்துவிடவில்லை, வடக்கே போய்விட்டார்கள்.

ஊர் காலியாகக் காலியாக அங்கே வேறு ஒன்று நிரம்பியது. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்தால் திரவமாகி, கன அளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அதைக் கப்பலில் ஏற்றி உலகத்தின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். கேமரன் பாரிஷின் மேற்குக் கோடியில் இருக்கும் சபீன் பாஸ் ஆலையிலிருந்து 2016-ல் முதல் கப்பல் கிளம்பியது. 2022-ல் கால்கஷூ நதியின் வாயில், மங்கி ஐலண்டுக்கு அருகே, இன்னொரு ஆலையிலிருந்து ஏற்றுமதி ஆரம்பித்தது. அதன் பக்கத்திலேயே அதைவிடப் பெரியது ஒன்று எழும்புகிறது. மங்கி ஐலண்ட் தீவிலேயே இப்படி ஒரு ஆலை கட்ட 2010-களில் ஒரு நிறுவனம் திட்டம் போட்டது. கடைசியில் வரைபடத்தில் நிஜ மங்கி ஐலண்டுக்கும் பெருக்கல் குறி விழுந்தது.

ஆற்றுவாயில் இருக்கும் ஆலையைச் சுற்றிப் புயல் அலையைத் தடுக்க உயரமான மதில் கட்டியிருக்கிறார்கள். ஊருக்கு மதில் இல்லை. ஊருக்கு இருந்த மதில் சதுப்பு.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சபீன் பாஸிலிருந்து வருடத்துக்கு 35 லட்சம் டன் வீதம் இருபது வருடம் வாங்க ஒப்பந்தம் போட்டிருப்பது இந்திய அரசு நிறுவனமான கெயில். முதல் கப்பல் 2018 மார்ச்சில் மகாராஷ்டிராவின் தாபோலில் வந்து நின்றது. புதையல் இங்கேயும் வருகிறது. சேறு மட்டும் அங்கேயே கரைகிறது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. மூன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, "ஒரு விளையாட்டைப் போய் இதற்குக் குற்றம் சொல்வதா?" சொல்லவில்லை. கால்வாய் வெட்டியவர்கள் யாரும் அந்த விளையாட்டை ஆடிவிட்டு வெட்டப் போகவில்லை. பெரும்பாலான கால்வாய்கள் அது பிறப்பதற்கு முன்பே வெட்டப்பட்டவை. ஆனால் கதையும் கால்வாயும் ஒரே பார்வையின் பிள்ளைகள். தீவில் இருக்கிற எல்லாம் பின்னணி, அடியில் இருப்பது மட்டுமே பொருள் என்று பார்க்கும் கண் அது. சின்ன வயதிலிருந்து அந்தக் கண்ணோடு வளர்ந்தவனுக்கு, சதுப்பு காணாமல் போகும் செய்தி செய்தியாகவே படாது. மேடையின் பின்திரை கிழிந்தால் நாடகம் நிற்பதில்லையே!

இரண்டு, "அந்த ஊர்க்காரர்களே ஆலை வேண்டும் என்கிறார்களே?" பலர் சொல்கிறார்கள், உண்மை. புயலுக்குப் பிறகு வேலை கொடுக்க வேறு யார் வந்தார்கள்? ஆனால் இன்று அங்கே இருப்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு ஊர்க்காரர்களைக் கேட்டாயிற்று என்பது மோசடி. போனவர்களை யார் கேட்டது? இறால் படகு கட்ட இடமில்லாமல் தொழிலை விட்டவர்களை யார் கேட்டது? வரி வருமே என்றால், லூயிசியானாவில் 1936-லிருந்தே பெரிய ஆலைகளுக்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து பத்து வருடம் வரை விலக்குக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. 2016 வரை அந்த வரியை நம்பியிருந்த உள்ளூர்ப் பள்ளிக்கூட வாரியத்துக்கு அதில் வாயே கிடையாது.

மூன்று, "எரிவாயு வேண்டாமா? யூரியா எதில் செய்வது?" நல்ல கேள்வி. வேண்டும்தான் இன்றைக்கு. ஆனால் வாங்குகிற பொருளின் விலையில் அதைத் தோண்டியதால் கரைந்த நிலம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். சேரவில்லை. அந்தப் பாக்கியை இப்போது மற்றவர்கள் கட்டுகிறார்கள். லூயிசியானாவின் 2023 கடலோரத் திட்டத்தின் மதிப்பீடு ஐம்பது வருடத்துக்கு 5,000 கோடி டாலர். கப்பல் கால்வாயில் தூர்வாரிய சேற்றைக் குழாய் வழியே கொண்டுபோய்ச் சதுப்பில் கொட்டி நிலம் உண்டாக்குவதும் அந்த வேலைகளில் ஒன்று. ஒரு காலத்தில் தொந்தரவு என்று எறிந்ததே அதைத்தான்.

சில இடங்களில் கணக்குக் கேட்கவும் ஆரம்பித்திருக்கிறார்கள். 2013-லிருந்து லூயிசியானாவின் பல பாரிஷ்கள் எண்ணெய் நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கின்றன. கேமரனும் அதில் ஒன்று. 2025 ஏப்ரலில் பிளாக்மின்ஸ் பாரிஷ் வழக்கில், சதுப்பைக் கெடுத்ததற்காக செவ்ரான் நிறுவனம் 74 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. தீர்ப்போடு சண்டை முடிந்துவிடவில்லை. ஆனால் சேற்றுக்கு ஒரு விலை ஒரு நீதிமன்றத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வீண் நிலம் என்று எழுதி 176 வருடம் கழித்து.

விளையாட்டை ஆடட்டும், தாராளமாக. ரப்பர் கோழிக்குச் சிரிக்கட்டும். அடுத்த தடவை புதையல் தீவின் படத்தை விரிக்கும்போது பெருக்கல் குறியை விட்டுவிட்டு மற்ற இடத்தையும் கொஞ்சம் பார்த்தால் போதும். அங்கே பச்சையாக ஏதோ தீட்டியிருப்பார்கள், பெயர்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். இறால் குஞ்சு வளர்ந்ததும் பறவை இறங்கியதும் அலை அடங்கியதும் அங்கேதான்.

நூறு வருடமாகப் புதையலைத் தேடித் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட வந்த மண்ணைக் கரையோரம் எறிந்தார்கள். அந்த எறிந்த மண்தான் புதையல்.